முதலாளிக்கு ஒரு தர்மம்

"இந்த நோன்பு முடியறதுக்குள்ள மரக்கடை முதலாளி என் வாசல்ல கையேந்தி நிப்பார். நானும் போனாப் போகுதுன்னு ஒரு தர்மம் போடுவேன். எழுதி வெச்சுக்கங்க அண்ணே."

சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் தையல்கடையின் தகரக்கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது.

"மோட்டார் புகைஞ்சுபோய், மெஷினைக் காலால மிதிச்சுத் தைக்கிறே. நீ முதலாளிக்குத் தர்மம் போடுவியா?"

"கையைத் தூக்குங்க" என்றார் தையல்காரர். ஊரில் அவருக்குப் பெயரே ஊசி. குத்தாமல் ஒரு வார்த்தை வராது. "போன வருஷம் ஜகாத் வாங்க மகளோட முதலாளி போட்ட பந்தல்ல நின்னேன். மறுநாள் முச்சந்தியில பேனர். அவர் பல்லைக் காட்டிக்கிட்டுக் கொடுக்கறார், என் பொண்ணு தலையைக் குனிஞ்சு வாங்கறா. பள்ளிக்கூடத்துல அவளுக்கு 'பேனர்'னே பேர் வெச்சுட்டாங்க. இனி அந்தப் பந்தலை மிதிச்சா என் பேர் ஊசி இல்ல."

"கொடுக்கறவன் நாலு பேருக்குத் தெரியக் கொடுத்தா என்ன தப்பு?"

"கொடுக்கறதா? ஜகாத்னா அவர் சொத்துல ஏழைங்க எங்களுக்குள்ள பங்கு அண்ணே. எங்க பொருளை எங்ககிட்ட சேர்க்க எங்க மூஞ்சியையா விலை கேக்கறது? நாங்க வாங்கலைன்னா அவர் கடமை எப்படிக் கழியும்? மறுமையில போட்டோவைக் காட்டுவாரா?" நாடாவைக் கழுத்தில் சுற்றி ஓர் இழு இழுத்தார். "கழுத்து போன வருஷத்தைவிடக் கனத்திருக்கு."

"நீ ஒருத்தன் போகலைன்னா பந்தல் காலியாயிடுமாக்கும்."

பெருநாள் துணிக்குத் தெருவே ஊசியிடம்தான் வரும். கழுத்தில் நாடா விழுந்தபின் யார் தப்பியோட முடியும்? அளவெடுத்தவர் காதிலெல்லாம் 'பந்தலுக்குப் போகாதீங்க' என்று ஓதினார். புலியே சட்டை தைக்க வந்திருந்தாலும் தலையாட்டிவிட்டுத்தான் போயிருக்கும்.

பந்தல் நாள் வந்தது. மைக் இருந்தது, மாலை இருந்தது, போட்டோக்காரர் இருந்தார். வாங்கத்தான் ஓர் ஈ காக்கை இல்லை. போட்டோக்காரர் வேறு வழியில்லாமல் மைக்கைப் படமெடுத்தார்.

சாயங்காலம் ஊசியின் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அன்றைக்குக் கூரை அதிரச் சிரித்த அதே ஆள். தனியாக, நடந்தே வந்திருந்தார்.

"சட்டை தயார் அண்ணே."

"சட்டைக்கு வரலை." தொண்டையைச் செருமினார். "பந்தலைப் பிரிச்சாச்சு. இனி பேனரும் கிடையாது."

"முதலாளி சொன்னாராக்கும்."

வந்தவர் ஒரு கவரை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"நீ சொன்னது நடந்துபோச்சு தம்பி. இதை வாங்கிக்கிட்டு எனக்குத் தர்மம் போடு. மரக்கடை முதலாளி நான் உன் வாசல்ல கையேந்தித்தான் நிக்கிறேன்."