நேராக நின்றபடி

ஒற்றை உடல் பாய்மரப் படகுக்கு அடிவயிற்றில் இரண்டு டன் ஈயம். அந்தக் கனத்தில்தான் அதற்கு அத்தனை திமிர்.

"எந்த அலை புரட்டினாலும் எழுந்து நிப்பேன். நீ கவிழ்ந்தா கவிழ்ந்ததுதான்," என்றது, கூடவே வந்த, ஈயமில்லாமல் இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்த இரட்டை உடல் படகிடம்.

"கவிழ்ந்தாலும் மிதப்பேன். உனக்கு ஓட்டை விழுந்தா அந்த ஈயமே உன்னை உள்ளே இழுத்துட்டுப் போயிடும்," என்றது இரட்டை.

கரையில் தொடங்கிய சண்டை நடுக்கடலிலும் ஓயவில்லை. மூன்றாம் நாள் புயலில் ஒரே அலை இரண்டையும் புரட்டிப் போட்டது. ஒற்றை சொன்னபடியே எழுந்து நின்றது. இரட்டை சொன்னபடியே தலைகீழாக மிதந்தது.

"பாத்தியா!" என்று ஒற்றை கத்தும்போதே, எந்தக் கப்பலிலிருந்தோ விழுந்து மிதந்து வந்த கன்டெய்னர் அதன் வயிற்றைக் கிழித்தது.

நேராக நின்றபடியே ஒற்றை மூழ்கியது. தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால், இரட்டையின் கவிழ்ந்த முகம் நேர் எதிரே.

"நான் இன்னும் கவிழல!"

"நான் இன்னும் மூழ்கல!"

இரண்டும் உண்மைதான். அதற்குமேல் சண்டை போட ஒன்றுமில்லாமல் போனபோதுதான் ஒற்றைக்கு உறைத்தது. அந்த அலைக்குப் பிறகு, தன்னை ஓட்டி வந்த ஜெபநேசனின் குரலே கேட்கவில்லை.

"உன் ஆளாவது இருக்காரா?" என்று கேட்டது.

இரட்டையும் அப்போதுதான் தேடத் தொடங்கியது.