மெனுவில் ரெண்டாவது

ஆள் காத்திருக்கும்போதே லினக்ஸை அப்டேட் பண்ணியது என் தப்பு. வெள்ளிமலையில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. வெளியே பெஞ்சில் சின்னப்பொண்ணு, புருஷன் வீரமுத்துவின் இறப்புச் சான்றிதழ் பிரிண்டுக்காக உட்கார்ந்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் இளஞ்செழியன் போனில் சொன்னான்: "ஆன் பண்றப்போ வர்ற மெனுல ரெண்டாவதா பழைய வெர்ஷன் இருக்கும்க்கா, அதை எடுங்க. ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. மறுபடி புதுசுலதான் போய் நிக்கும்."

எடுத்தேன். வந்துவிட்டது. சான்றிதழ் ஃபைலைத்தான் காணவில்லை.

"பிரிண்ட்டு வாணாங்க," என்றாள் சின்னப்பொண்ணு. "தோ, அவரே வந்து குந்திகினு இருக்காரு."

எட்டிப் பார்த்தேன். வீரமுத்துவேதான். அவர் காரியத்துக்கு நானும் போயிருந்தேன்.

கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் கம்ப்யூட்டர் தானே ஆஃப் ஆகிவிடும். வெளியே இருவரும் ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.