நெட்டையன் வீட்டுப் பந்தி

எண்கள் ஊரில் ஒரு வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டு எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறவர்தான் பந்தியில் உட்காரலாம். பன்னிரண்டின் வீட்டில் எப்போதும் கூட்டம். பல கோடி இலக்கம் நீளமுள்ள நெட்டையன் வீட்டிலோ இலை போட்டது போட்டபடி கிடந்தது.

ஏழு வந்தார், மூன்று மீதி. பதிமூன்று வந்தார், ஐந்து மீதி. "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்தவராவது பொருந்துவார் என்று நெட்டையன் இலையைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

கடைசியில் இரண்டிலிருந்து அவனுடைய வர்க்கமூலம் வரைக்கும் எல்லாரும் வந்து பார்த்தாயிற்று. அதற்குள் பொருந்தாவிட்டால் அப்புறம் வெளியாள் யாரும் பொருந்த மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இலையைச் சுருட்டினான்.

வாசலில் குட்டி எண்ணான ஒன்று நின்றிருந்தான்.

"நீயா? நீதான் எல்லார் வீட்டுக்கும் போறவனாச்சே" என்று சலித்துக்கொண்டான் நெட்டையன்.

"போறேன்ங்க. அந்தக் கூட்டத்துல நான் வந்ததே யாருக்கும் தெரியாது. நீங்கதான் 'நீயா'ன்னு கேட்டிருக்கீங்க."

நெட்டையன் சுருட்டிய இலையை விரித்து ஒன்றை உட்கார வைத்தான். பிறகு, தன்னை மீதியில்லாமல் வகுக்கிறவன் தானும்தானே என்று, பக்கத்திலேயே தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டான்.