பாங்கு நேரத்துக் கார்ட்டூன்

கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில் மாலை வெளிச்சம் மங்குகிறது. மகள் ரிப்காவுக்காகப் போட்ட கார்ட்டூனில் ஸப்வான் தன்னை மறந்திருக்கிறார். வாளேந்திய சிறுமி எரிகிற பாலத்தில் நடுவழியில் நிற்கிறாள். அவளுடைய தம்பி கீழே தொங்குகிறான். பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு எழுகிறது. ஸப்வானின் விரல் ரிமோட்டில் சத்தத்தை மட்டும் குறைக்கிறது. நேற்று இதே நேரத்தில் ரிப்காவின் கையிலிருந்து அதைப் பிடுங்கி டீவியை அணைத்து, “நாளைக்குத் திருப்பிப் போடுவாங்க, அழாம எழும்பு” என்று அவள் அழ அழ ஏசியவர் அவர்தான். “வாப்பா, பாங்கு கேக்குதே?” என்கிறாள் அவள். “சத்தத்தக் கொறச்சிட்டேனே, மகள்.” “நேத்து நானும் கொறச்சிட்டுத்தானே பார்த்தேன்?” திரையில் நெருப்பு ஓசையில்லாமல் ஏறுகிறது. ஸப்வானுக்குக் காது மடல் சுடுகிறது. டீவியை அணைக்கிறார். ரிப்கா நீட்டுகிற தொப்பியை, அவள் முகத்தைப் பாராமலே வாங்கிக்கொள்கிறார். “நாளைக்குத் திருப்பிப் போடுவாங்க, வாப்பா. அழாம எழும்புங்க.”