பக்கத்தில் ஒரு நகல்

குலதெய்வத்தின் மேல் ஆணை. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

லிஃப்ட் கம்பெனியில் நிரல் எழுதுகிறவள் எங்கள் மொட்டைமாடி வெயிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

தலைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி, லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் குடியிருப்பில் நான்கு மாடி. லிஃப்ட் நின்றது ஒன்பதாவதில்.

உள்ளே அவளுடைய மேலாளர் ஞானமுத்து. சோதனை ஓட்டத்துக்கு ஏறியவர்.

"பன்னெண்டு மணிக்குள்ள என்னைய இறக்கலன்னா, நாளைலேர்ந்து நீ ஆபீசுக்கு வர வேணாம்!"

காலையில்தான் மாடிக்கணக்கை நான்கு என்று திருத்தியிருந்தாள். லிஃப்ட் நிரல் படிக்கும் floors.h என்ற கோப்பில்.

அவள் கணினிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். கம்பெனி சர்வருக்கு அப்படி இல்லை. பெயரில் ஓர் எழுத்து பெரிதாக இருந்தாலும், அப்படியொரு கோப்பே இல்லை என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அங்கே கையை விரித்துவிடும்.

சர்வரைத் திறந்து பார்த்தாள்.

floors.h. Floors.h. FLOORS.h. FlOoRs.h.

மொத்தம் பதினொன்று.

கம்பைலர் கையை விரித்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு நகல் எடுத்து, அது கேட்ட பெயரை வைத்து, பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்தவன் கோப்பைத் தொட்டால் பழி தொட்டவன் தலையில். அந்த அலுவலகத்தின் வழக்கம் அது.

எச்சில் இலையை எடுக்காமல் பக்கத்தில் புது இலை போட்டு உண்டுகொண்டே போன பந்தி.

அவள் திருத்தியது ஓர் இலையை. லிஃப்ட் எடுத்துக்கொண்டது வேறொன்றை. அதில் ஒன்பது என்றிருந்தது. வேறு ஏதோ கட்டடத்தின் கணக்கு. போட்டவர் பெயரும் இருந்தது.

ஞானமுத்து.



மேலிருந்து குரல் வந்தது. "என் ஃபைல தொடாதம்மா! பக்கத்துல இன்னொண்ணு போட்டு அதைக் கூப்பிடு. ரெண்டு நிமிஷ வேலை!"

இரண்டாம் மாடி கமலவேணி மாமி அண்ணாந்து பார்த்தார். "பாவம், ஒரு வாய் மோர் குடுக்கலாம்னா எட்ட மாட்டேங்கறதே."

ஒரு பருந்து லிஃப்ட் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மணி பதினொன்று ஐம்பது.

பத்துக் கோப்புகளை அழித்தாள். ஒன்றை மீத்தாள். அதில் நான்கு என்று இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

நிரலில் அந்தப் பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில், வாய்க்கு வந்தபடி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றியிருக்கலாம்.

ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினாள்.

மூன்றேகாலுக்கு லிஃப்ட் இறங்கி வந்தது. ஞானமுத்து வெளியே வந்தார். முகம் சுட்ட கத்தரிக்காய்போல் இருந்தது.

வாயைத் திறந்தார்.

அவள் மடிக்கணினியை அவர் கையில் கொடுத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். துப்பட்டாவில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.

எங்கள் குடியிருப்பில் இன்றுவரை யாரும் லிஃப்டே வைத்ததில்லை.