புதன்கிழமை உபயம்

"கலியன் பேரை அடிச்சிடுப்பா. அவன் சுத்த வேஸ்ட்டு."

ராமலிங்கம் சொன்னதும், பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மாணவன் சாமுவேல் நிமிர்ந்தான். வேலூரில் நடக்கப்போகும் கல்லூரிகளுக்கிடையிலான பூப்பந்துப் போட்டிக்கு ஐந்து பேர் பட்டியல் அது. வியாழக்கிழமை பிரின்சிபாலிடம் போக வேண்டும்.

"சார், கலியன் நல்லா ஆடுவான் சார். வேலூர் போகணும்னு ரொம்ப ஆசை அவனுக்கு."

"யாரு, அவனா நல்லா ஆடுவான்? தென்னேரியிலேருந்து சைக்கிள்ல வர்றதோட சரி. ஒரு வருஷமா என்கூட ஆடறான். ஒரு தடவை ஜெயிச்சிருக்கானா? எனக்கு வயசு நாப்பத்தாறு. உடம்புல சர்க்கரை வேற. என்னையே ஜெயிக்க முடியாதவன் வேலூர்ல போய் என்னத்தைக் கிழிப்பான்?"

சாமுவேல் அரை மனதோடு பெயரை அடித்தான்.

ராமலிங்கம் உண்மையில் பொருளாதார ஆசிரியர். விளையாட்டு ஆசிரியர் வேலை காலியாகி ஒன்றரை வருஷமாக ஆள் வராததால், விளையாட்டு அறைச் சாவி இவர் கைக்கு வந்தது. "ஓடியாடுங்க சார்" என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தினமும் நாலரை மணிக்கு அறையைத் திறப்பார். வலை கட்டியதும் முதல் ஆட்டம் அவருடையது. யாராவது ஒரு மாணவன் எதிரில் நிற்பான். இருபத்தொன்பது பாயிண்ட். ஜெயிப்பது ராமலிங்கம்.

ஜெயித்ததும் அவருக்கு மனசு தாராளமாகிவிடும். சாவியைத் தூக்கிப் போடுவார். "ஆடுங்கப்பா! ஆறரைக்குப் பூட்டி வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடுங்க."

போன வருஷம் ஒரே ஒரு நாள் பரசுராமன் என்ற பையன் அவரை ஜெயித்துவிட்டான். மறுநாள் பார்த்தால் வலை கிழிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. அறையைப் பூட்டினார். வலையைத் தைக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்கு அவர் என்ன செய்வார்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பே இல்ல, வேணி" என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்.

"உங்களுக்குத்தான் இருக்குதே, சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு" என்பாள் மனைவி கிருஷ்ணவேணி.

பட்டியல் எழுதிய அன்று செவ்வாய்க்கிழமை. கலியனை இருபத்தொன்பதுக்குப் பதினேழு என்று மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு, சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே கிளம்பினார். வீடு இருக்கும் செவிலிமேட்டுக்குத் திரும்பும் இடத்தில் சட்டென்று நினைவு வந்தது. டிபன் கேரியரை மைதானத்திலேயே விட்டிருந்தார். அது இல்லாமல் வீட்டுக்குள் போக அவருக்குத் தைரியம் கிடையாது. சைக்கிளைத் திருப்பினார்.

விளையாட்டு அறைச் சுவரோரம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆடிக்கொண்டிருந்தது கலியன். எகிறி அடித்தான். மஞ்சள் பந்து போன திசை ராமலிங்கத்தின் கண்ணுக்கே அகப்படவில்லை. எதிரில் இருவர் நின்றும் சமாளிக்க முடியாமல் திணறினார்கள்.

"டேய், நாளைக்கு அந்தாளை அடிச்சுக் காட்டுடா" என்றான் சாமுவேல். "லிஸ்ட்டு வியாழக்கிழமைதான் போவுது."

கலியன் நெற்றி வேர்வையை வழித்தான். "அடிச்சுட்டு? பரசுராமன் அடிச்சப்போ மூணு வாரம் ரூமு பூட்டிக் கெடந்துச்சே, மறந்துட்டியா? நாப்பது பேரு வெளியே நின்னுக்கினு இருந்தோம்."

"அதுக்காக வேலூரை விட்டுடுவியா?"

"நான் ஒருத்தன் வேலூர் போறதுக்கு நாப்பது பேரு ஆட்டத்தைக் கெடுக்கச் சொல்றியா? வுடுடா. அவரும் பாவம், ஜெயிச்சா கொழந்தையாட்டம் சிரிக்கிறாரு. இன்னிக்கு என் உபயம் முடிஞ்சுது. நாளைக்கு யாருது?"

"என்னுதுதான்" என்றான் சாமுவேல். "இருபதுக்கு மேல எடுத்துடாம பாத்துக்கிறேன்."

கோயில் உற்சவத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று உபயம் பிரித்துக்கொள்வது ஊர் வழக்கம். பையன்கள் தம்மிடம் தோற்பதற்கும் அதே மாதிரி முறை வைத்திருக்கிறார்கள் என்பது ராமலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக எழுந்தருளியிருந்த உற்சவ மூர்த்தி டிபன் கேரியரைக்கூட எடுக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓசைப்படாமல் நழுவினார். வெட்கமாக இருந்தது. வீட்டில் கேரியருக்காக வாங்கிய திட்டு அன்றைக்கு அவருக்குப் போதவில்லை.

மறுநாள் நாலரை மணி. சாமுவேல் மட்டையோடு வந்து நின்றான்.

"நீ இருப்பா. கலியன் வரட்டும்."

"சார், இன்னிக்கு என் முறை..."

"தெரியும்ப்பா. புதன்கிழமை சாமுவேல் உபயம். நேத்து கேரியர் எடுக்க வந்தேன்."

ராமலிங்கம் சாவியை எடுத்துக் கலியன் கையில் வைத்து அழுத்தினார்.

"இனிமே இது உங்கிட்டதான் இருக்கும். வேலூர் லிஸ்ட்டுல உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். இப்ப நெசமா ஆடு. இன்னிக்கு என் உபயம்!"

மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருந்தார். பையன்கள் சிரிக்காதபடி இருபது பாயிண்ட் வரை எடுத்துவிட்டு, அப்புறம் கௌரவமாக விட்டுக்கொடுத்துவிடுவது என்று.

கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. இருபத்தொன்பதுக்கு இரண்டு. விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு பந்துகூட வாய்க்கவில்லை.

அந்த இரண்டும்கூட, பழக்க தோஷத்தில் கலியன் விட்டுக்கொடுத்தவை.