திருப்பிக் கொடுக்க வந்த போன்

போன் தவணையில் ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய் பாக்கி இருந்தது.

அதைக் கட்ட அவர் வரவில்லை. உப்பளத்து வேலை முடிந்து, மகனுக்கு வாங்கிய போனைத் திருப்பிக் கொடுக்க நேரே கடைக்கு வந்திருந்தார்.

"எடுத்துக்கிடுங்க தம்பி. கட்டின துட்டு வேண்டாம்."

"என்ன கோளாறு அண்ணாச்சி?" என்றான் கடைக்காரன்.

போனைக் கண்ணாடிப் பெட்டிமேல் தள்ளி வைத்தார்.

நேற்றுச் சாயங்காலம் குடும்ப ஜெபம். மகன் ஆசீர் குளித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. ஜெபப் பாட்டை நாமே எடுத்து வைப்போமே என்று அவன் போனை எடுத்தார். தேடுகிற இடத்தைத் தொட்டார். உப்பு தின்ற விரல். நாலு தரம் அழுத்திய பிறகுதான் திரை அதை எடுத்தது.

ஆசீர் முன்பு தேடியதெல்லாம் வரிசையாக இறங்கியது.

நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவர். சபையில் நடந்த மாலை வகுப்பில். வேதம் வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்.

எழுத்துக் கூட்டினார்.

மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டார். எல்லாம் பெண்ணுடம்பு.

ஆசீர் குளித்துவிட்டு வந்து பாடினான். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடுகிற அதே குரல்.

போனில் பார்க்கிறதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று போன மாதம்தான் போதகர் பிரசங்கித்தார். படத்தில் இருக்கிறவளும் ஆண்டவர் படைத்தவள், அவளுக்கும் ஒரு தகப்பன் உண்டு என்று சொல்லுங்கள் என்றார்.

எந்த வார்த்தையில் தொடங்குவது என்று சொல்லவில்லை.

அந்தக் காரியத்தைப் பேச அவரிடம் இருந்ததெல்லாம் உப்பளத்துக் கெட்ட வார்த்தைகள்.

காலையில் போனைக் கேட்டார். ஆசீர் தரையைப் பார்த்தபடி நீட்டினான்.

கடைக்காரன் போனைப் புரட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான ஓடுது. பேட்டரிதான் பாதி போயிட்டு. மவன் ராப்பகலாப் படிக்கானோ?" சிரித்தான். "பழசைத் திருப்பி எடுத்தா நானும் கடையைப் பூட்டிட்டு உங்க கூட உப்பு வாரத்தான் வரணும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது முப்பது போன்கள் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தன.

வாரக்கூலியை எடுத்தார். பாக்கியை எண்ணி வைத்தார்.

கடைக்காரன் நோட்டில் அவர் பெயர்மேல் கோடு கிழித்தான்.

"இனி இது முழுசா உங்களுது அண்ணாச்சி."

அப்போது போன் அடித்தது. ஆசீர் வைத்திருந்த அலாரம். 'ஜெப நேரம்' என்று எழுத்துக் கூட்டினார்.

அணைக்க அழுத்தினார்.

உப்பு தின்ற விரலைத் திரை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.